எந்தப் பக்கத்து ஆட்கள்

ஜனவரி 20

ஊசிக்கும் நூலுக்கும் அதிபதியும், அளவு நாடாவையே மாலையாகத் தரித்தவனும், தையல் மிஷினை மிதித்தே பூமியை ஏழு சுற்றுச் சுற்றி வந்தவனுமாகிய உன் தாய்மாமன், ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி வில்லை தேய்த்துக் கொடுக்கப் படிக்கும் என் மருமகளுக்கு எழுதுவது. இனி நான் சொல்லப்போவது ஒருவரும் நம்பாத கதை. நீ நம்பமாட்டாய். உன் விடுதி அறையில் கூட இருக்கும் பட்டன் நம்பமாட்டாள். எழுதுகிற பேனாவே நம்பாமல் அடிக்கடி மை கொடுக்க மறுக்கிறது. இருந்தாலும் என் ஊசிமேல் ஆணை, சொல்லியே தீருவேன்.

அதற்கு முன் சுகம் விசாரிக்க வேண்டும். இங்கே சுகம். உன் அம்மாவின் முட்டிவலி மிகவும் சுகமாக இருக்கிறது, முட்டிதான் கஷ்டப்படுகிறது. உன் சளி விட்டதா? பட்டன் சாப்பிடுகிறாளா? பல் டாக்டருக்குப் படிக்கிற பெண்ணை இன்னும் பட்டன் என்றா கூப்பிடுவீர்கள் என்று போன தடவை கேட்டிருந்தாய். மூன்று வயதில் என் பட்டன் டப்பாவில் கால்வாசியை விழுங்கியவளை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்?

ரேடியோவில் ஏதோ கேட்டுவிட்டுத் தந்தி அடித்திருந்தாய். ஊரில் கொஞ்சம் சத்தம் இருந்தது. இந்தச் சாமிக்காரர்கள், அந்தச் சாமிக்காரர்கள், வழக்கமான வாய்ச்சண்டை கொஞ்சம் கைநீண்டுவிட்டது. கடைத்தெருவில் நாலைந்து கதவு உடைந்தது. முடிந்துவிட்டது.

இனிக் கதை. பட்டனின் அப்பா கத்தரியார் கடையில் இல்லை. எங்கே போனார்? சொல்கிறேன். இரண்டு மாடி உயரத்தில் ஒரு ராட்சசன் வந்து, "எனக்கு ஒரு கால்சட்டை தைக்கணும்" என்றான். நான் இடுப்பளவு எடுக்க ஏணி வைத்தேன், எட்டவில்லை. கத்தரியார் கொசுவலைக் கயிற்றை அவன் பெல்ட்டில் வீசி மேலே ஏறினார். ஒரு சுற்று அளக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. துணி அவன் நாட்டில் இருக்கிறதாம், அங்கே வந்துதான் வெட்ட வேண்டுமாம். தோளில் உட்கார வைத்துக்கொண்டு போய்விட்டான். இத்தனை வருஷமாக அவர் வெட்ட நான் தைக்க ஓடிய கடை. அவர் சாமி வேறு, வீட்டில் பேசுகிற பாஷை வேறு, சண்டை மட்டும் எங்களுக்குப் பொது. இப்போது சண்டைக்கும் ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகவே அவருக்குக் கை ஒழியவில்லை. பட்டனுக்கு இப்போதைக்குக் கடிதம் வராது. பரீட்சைக்கு நன்றாகப் படிக்கச் சொன்னார் என்று சொல்.

ஆசிகளுடன்,
ஊசி மாமா


பிப்ரவரி 6

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். சளி விட்டது, இருமல் விடவில்லை. அம்மாவை மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை வழக்கம்போல் சத்தமாக வாசித்தேன். கொசுவலைக் கயிறு வந்த இடத்தில் பட்டன் சிரித்து, குடித்துக்கொண்டிருந்த தண்ணீரை என் புத்தகத்தின் மேல் துப்பிவிட்டாள். அப்புறம் கடிதத்தை வாங்கித் திரும்ப வாசித்தாள். "ராட்சசன் ஊர்ல பேனா இல்லையாமா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

மாமா, கத்தரி மாமா வாரம் தவறாமல் அவளுக்கு எழுதுகிறவர். அம்மா இல்லாத பெண் என்று ஒரு பக்கம் எழுதும் இடத்தில் மூன்று பக்கம் எழுதுகிறவர். ஒரு வரி போதும், எழுதச் சொல்லுங்கள். அவளுக்கு மார்ச் கடைசியிலிருந்து பரீட்சை. கல்லூரியில் வேறு, உங்க ஊர்ல உங்க ஆளுங்களை அடிச்சாங்களாமே என்று அவளிடம் ஒரு கூட்டம் கேட்கிறது. என்னிடம் இன்னொரு கூட்டம் அதையே கேட்கிறது. சாப்பாட்டு மேசையில் நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது.

உங்கள்,
மருமகள்


பிப்ரவரி 24

என் மருமகளுக்கும், தண்ணீர் துப்பும் பல் டாக்டருக்கும்,

நலமே. நீங்களும் அப்படியே இருக்க வேண்டியது. இருமலுக்கு மிளகைக் கடித்துத் தின்னு. பல் போனால்தான் பக்கத்திலேயே வைத்தியம் இருக்கிறதே.

கத்தரியாரிடமிருந்து தகவல் வந்தது. ராட்சசனின் கால்சட்டையில் பைக்கு அளவு பார்க்க இறங்கினவர் உள்ளேயே வழி தவறிவிட்டாராம். அந்தப் பைக்குள் இரண்டு தெரு, ஒரு டீக்கடை, கோர்ட்டில் ஒரு வழக்கு எல்லாம் இருக்கிறதாம். பேனா மட்டும் இல்லை.

இங்கே வெட்டுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. பாங்க் மேனேஜருக்கு ஒரு கோட்டு வெட்டினேன். வெட்டி, தைத்து, அயர்ன் பண்ணி, அவர் தோளில் மாட்டியும் விட்டேன். ஒரு கை ஒழுங்காகப் போனது, இன்னொரு கை முதுகுப்பக்கம் போனது. இரண்டுமே இடது கை. துணியை மடித்துப் போட்டு வெட்ட வேண்டும் என்பது உலகத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரிய வேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை. மேனேஜர் கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இப்ப இதுதான் சார் ஓடுது" என்றேன். நேற்று கத்தரியாருக்கு முகச்சவரம் பண்ணிவிடும்போது இதைச் சொன்னேன், சிரித்ததில் கன்னத்தில் கீறல் விழுந்தது.

ஷட்டர் கொஞ்சம் நசுங்கியிருப்பதாக உன் அம்மா எழுதினால், அது காற்று.

ஆசிகளுடன்,
ஊசி மாமா


மார்ச் 5

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

ராட்சசன் பைக்குள் தொலைந்து போனவருக்கு நீங்கள் எப்படி முகச்சவரம் பண்ணிவிட்டீர்கள்? நல்லவேளை, சத்தமாக வாசித்துக்கொண்டே வந்த நான் அந்த வரியை முழுங்கிவிட்டேன். மேனேஜர் கோட்டோடு பட்டன் சிரித்துவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். கடிதத்தை என் பெட்டியில் பூட்டி வைத்தேன்.

அன்றைக்கே அம்மாவுக்கு எழுதினேன். நேற்று பதில் வந்தது. கத்தரி மாமாவைக் கம்பியால் அடித்தார்கள், வலது கை, மணிக்கட்டுக்குக் கீழே எல்லாம் நொறுங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறாள். பட்டனுக்குத் தெரியக் கூடாது என்று கத்தரி மாமா உங்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாராமே. அம்மா இன்னொன்றும் எழுதியிருக்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் உங்களிடம் வந்து, அந்தாளை அவங்க ஆளுங்ககிட்டயே அனுப்பிடு, உனக்கெதுக்கு வம்பு என்கிறார்களாம்.

உண்மையை எனக்காவது எழுதுங்கள். பக்கத்துக் கட்டிலில் அவள் தாடை எலும்பின் பெயர்களை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருக்கிறாள். அப்பப்போ நிமிர்ந்து, "என்னடி, என்னையே பாக்குற?" என்கிறாள்.

உங்கள்,
மருமகள்


மார்ச் 14

மருமகளே,

உடம்பைப் பார்த்துக்கொள். இந்தக் கடிதத்தை வாசித்ததும் கிழித்துவிடு.

அன்று நான் லைனிங் துணி வாங்க மொத்தக்கடைத் தெருவுக்குப் போயிருந்தேன். பின்னாலேயே போலீஸ்காரர்கள் தெருவை அடைத்துவிட்டார்கள். சாயங்காலம்தான் விட்டார்கள். நான் திரும்பி வந்தபோது கத்தரியார் கடை வாசலில் உட்கார்ந்து, கையைக் கோட்டுத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார், பிறந்த குழந்தையை வைத்துக்கொள்வது மாதிரி. "துணியெல்லாம் பத்திரம்" என்றார். அதுதான் முதல் பேச்சு. ஊரில் பாதிப்பேரின் துணி உள்ளே தைத்தும் தைக்காமலும் கிடந்தது. கதவை விட்டு நகரு என்றிருக்கிறார்கள். நகரவில்லை. ஷட்டரைப் பிடித்திருந்த கையில் அடித்திருக்கிறார்கள்.

எலும்பு கூடிவிட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்கவில்லை, மடங்காது என்கிறார் டாக்டர். வெட்டுகிறவனுக்கு வேறு எந்த விரல் வேண்டும்? மற்ற மூன்றும் சும்மா கூட வருகிறவை.

கடைக்கு மேல் அவர் அறையில்தான் இருக்கிறார். காலையில் நான் போய்ச் சட்டை மாட்டிவிடுகிறேன். "உன் சொந்தத் தையல்தானே, ஏன் பட்டன் போட இவ்வளவு நேரம்?" என்று திட்டுகிறார்.

என் சொந்தக்காரர்கள் பழத்தோடு வருகிறார்கள். அவர் சொந்தக்காரர்களும் பழத்தோடு வருகிறார்கள். இரண்டு பக்கமும் கேட்பது ஒரே கேள்வி, எந்தப் பக்கத்து ஆட்கள்? அன்று தெருவில் இரண்டு கூட்டமும்தான் ஓடியது. ஒன்று அவரை அடிக்க வந்திருக்கலாம். இன்னொன்று என் கடையை அடிக்க வந்திருக்கலாம். அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. பழம் மட்டும் நிறைய இருக்கிறது.

பரீட்சை முடியும்வரை அவளுக்குத் தெரிய வேண்டாம் என்கிறார். முடிந்ததும் நீயே சொல்லிவிடு. இதை ராட்சசனை வைத்துச் சொல்ல எனக்கு வராது.

மாமா


ஏப்ரல் 22

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். கத்தரி மாமாவின் வலி எப்படி இருக்கிறது?

கடைசிப் பரீட்சை அன்று கல்லூரி வாசலில் போய் நின்றேன். பஸ் ஸ்டாப் வரை நடந்துகொண்டே சொன்னேன். அழுவாள் என்று நினைத்து இரண்டு கைக்குட்டை எடுத்துப் போயிருந்தேன். அவள் அழவில்லை. "எத்தனை நாளா உனக்குத் தெரியும்?" என்றாள். சொன்னேன். "என் பக்கத்துலயே படுத்துக்கிட்டு" என்றாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. அப்புறம்தான் கேட்டாள்.

"அடிச்சது உங்க ஆளுங்களா, எங்க ஆளுங்களா?"

அந்த மாதிரி அவள் என்னிடம் பேசியதே இல்லை மாமா. உங்க, எங்க என்று. தெரியாது என்றேன். "உங்க மாமாவுக்குமா தெரியாது?" என்றாள். உங்க மாமா என்றாள், ஊசி மாமா என்று சொல்லவில்லை.

மறுநாளே மெத்தையைச் சுருட்டிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போய்விட்டாள். அங்கே அவர்கள் ஆட்கள் நாலு பெண்கள் இருக்கிறார்கள். நல்ல பெண்கள்தான். படியில் எதிரே வந்தால் ஒதுங்கி வழி விடுகிறார்கள். அவள் டம்ளர் மட்டும் இங்கேயே இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுத்தால் போனது போனதுதான் என்று ஆகிவிடுமே என்று கொடுக்காமல் இருக்கிறேன்.

உங்கள்,
மருமகள்


மே 3

ஊசி மாமாவுக்கு,

நீங்கள் கற்றுக்கொடுத்த எழுத்தில்தான் எழுதுகிறேன். எங்கள் பாஷையில் எழுதினால் உங்களுக்கு வாசிக்க வராது.

அப்பாவுக்கு எழுதிக் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரரை விட்டு எழுதச் சொல்லி, சுகமாக இருக்கிறேன் என்று ஒரு வரி போட்டிருக்கிறார். அதனால் உங்களைக் கேட்கிறேன். கதை வேண்டாம். எந்தப் பக்கத்து ஆட்கள்?

உங்கள் ஆட்கள் என்றால் சொல்லுங்கள். அப்பாவை அந்தக் கடையில் இனி ஒரு நிமிஷம் விடமாட்டேன். எங்கள் ஆட்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். இங்கே என்னோடு உட்கார்ந்து எனக்காக அழுகிறவர்களிடம் நான் என்ன பேச வேண்டும் என்று தெரிந்துகொள்கிறேன்.

ஆஸ்பத்திரிப் பயிற்சி முடிந்து ஜூன் கடைசியில் வருகிறேன். பெரியப்பா வீட்டில் இடம் பேசியாகிவிட்டது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறேன். அதற்குள் பதில் வேண்டும்.


மே 27

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அம்மாவும் நீங்களும் கத்தரி மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்?

பட்டன் உங்களுக்கு எழுதியதை அவள் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு அவள் கீழே வாசலில் நிற்பதை மேலே ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். தினமும் நிற்கிறாள். எனக்குத் தபால் இருந்தால் படியிலேயே வைத்துவிட்டுப் போகிறாள்.

அவளுக்கு ஏதாவது எழுதுங்கள். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

உங்கள்,
மருமகள்


ஜூன் 16

டாக்டர் ஆகப்போகிற பட்டனுக்கு, ஊசி மாமா எழுதுவது.

உன் கடிதத்தில் சுகம் விசாரிப்பு இல்லை. வழியில் எங்காவது விழுந்திருக்கும் என்று நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன். நான் நலம். உன் அப்பா நலம். நீ இளைத்துவிட்டதாக ஜன்னல் வழியாகத் தகவல் வந்தது, சாப்பிடு.

பதில் தாமதமானதற்குக் காரணம், விசாரணை. அன்று வந்த கூட்டத்தைப் பற்றி முழுமையாக விசாரித்து முடித்துவிட்டேன். மொத்தம் பதினெட்டு லட்சம் பேர். ஆளுக்குப் பத்துத் தலை. தூக்கிச் சுமக்கக் கனமாக இருக்கிறதென்று மூளையை மட்டும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார்கள். கடல் அலை மாதிரி வந்தவர்களை உன் அப்பா ஒற்றை ஆளாக எதிர்கொண்டார். அளவு நாடாவைச் சுழற்றிப் பாதிப்பேரைக் கட்டிப் போட்டார். மீதிப்பேருக்கு நின்ற இடத்திலேயே கால்சட்டைக் கால் இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டார். தைக்கிற வேலை என்னுடையது, அதிலும் கை வைத்துவிட்டாரே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அவர்கள் குதித்துக் குதித்து ஊர் எல்லையைத் தாண்டும் சத்தம்தான் ரேடியோவில் வந்தது.

கதை வேண்டாம் என்று எழுதியிருந்தாய். சரி.

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரொம்ப நாள் சுற்றினேன். அப்புறம் ஒருநாள் காலை, அவருக்குச் சட்டை மாட்டிவிடும்போது கேட்டேன்.

"யோவ், உன் மக கேக்கறா. எந்தப் பக்கத்து ஆளுங்க?"

"மூஞ்சிய எவன் பாத்தான்? கம்பியப் பாத்தேன். அப்புறம் சட்டையப் பாத்தேன்."

"என்ன சட்டை?"

"நம்ம சட்டை. ஒரு தோள் இறங்கினவனுக்குன்னு உள்ள ஒரு மடிப்பு விட்டு வெட்டுவேனே, அந்த வெட்டு. ஓங்கறதுக்குக் கையத் தூக்கினான் பாரு, கக்கத்துல ஒரு சுருக்கம் விழல. நல்லாத்தான் வெட்டியிருக்கேன்."

"யாரோட சட்டைய்யா அது?"

"போடா. சொன்னா நீ போய்க் கேப்ப. கேட்டா அவன் வேற கடைக்குப் போயிடுவான்."

"போனா போறான்."

"அந்தத் தோளுக்கு வேற எவன் வெட்டுவான்?" என்றார். காபி ஆறிவிட்டது என்று என்னைத் திட்டினார்.

போன வாரம் மழைக்கு முன்னால் ஒருவர் கடைக்கு வந்தார். ரொம்ப நாள் வாடிக்கை, நடுவில் சில மாதங்களாக வரவில்லை. பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மேசையில் வைத்தார். தோளில் தையல் விட்டுப் பிளந்திருந்தது. உன் அப்பா அன்று கீழே வந்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் சட்டையைப் பார்த்தார். பார்த்த உடனே வலது கையை எடுத்து மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வந்தவர் கண்ணில் படக் கூடாதாம். இடது கையால் சட்டையைப் புரட்டி, தோளின் உள்பக்கத்து மடிப்பை விரலால் தடவினார். என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. என் கையில் பெரிய கத்தரி இருந்தது. அதைக் கீழே வை என்று கண்ணாலேயே சொன்னார். வைத்தேன். வைக்க எவ்வளவு நேரமாயிற்று என்று எனக்குத் தெரியாது.

"எப்ப வரட்டும்?" என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார் வந்தவர்.

"எப்ப வேணா வாங்க. தயாரா இருக்கும்" என்றார் உன் அப்பா.

அவர் போனதும், "உள்ள துணி விட்டுத் தை. திரும்பப் பிரிஞ்சா நம்ம பேருதான் கெடும்" என்றார் என்னிடம். தைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கோணலாக நான் ஓட்டியதில்லை. பிரித்து இரண்டாம் தடவை தைக்கச் சொன்னார்.

வந்தவரை எனக்குத் தெரியும். எங்கே குடியிருக்கிறார், எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடுகிறார் எல்லாம் தெரியும். ஆகவே உன் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. தரமாட்டேன். ஒரு பதில் சொன்னால் என் வீட்டை விட்டுப் போய்விடுவாய், இன்னொன்று சொன்னால் உன் வீட்டை விட்டுப் போய்விடுவாய். இரண்டும் இல்லாமல் தெருவில் நிற்கிற பட்டனை நான் எந்தத் துணியில் கொண்டுபோய்த் தைப்பது?

அப்பாவைக் கூட்டிப் போக வா. நான் குறுக்கே நிற்கமாட்டேன். நீ எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். "மக கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா?" என்றார். பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வைத்திருக்கிறார். இழுத்ததோடு சரி, திறக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போடுகிறார். அந்தாள் வந்து சட்டையை வாங்கிக்கொண்டு போகட்டும், என் கையால் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்கிறார். எந்தக் கையால் என்று நான் கேட்கவில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்கிறோம். இன்னும் வரவில்லை.

வருகிறபோது என் மருமகளையும் கூட்டிக்கொண்டு வா. உன் டம்ளரை அவள் தினமும் கழுவி வைக்கிறாளாம், உன்னைப் பெற்றவள்கூட அப்படிச் செய்திருக்கமாட்டாள்.

கடைசியாக ஒன்று. நான் எழுதுவதை எப்போதும் நீ நம்பியதில்லை. இதையும் நம்பாதே. பதினெட்டு லட்சம் பேர் என்றது பொய். நாடாவைச் சுழற்றியது பொய். நான் நலம் என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதுவும் பொய்தான். சட்டை மட்டும் நிஜம். ஆணியில் தொங்குகிறது.

ஊசி மாமா